அத்தை இல்லாத நிறுத்தங்கள்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவள் பாட்டில் அக்கா. பரிசோதனைக் கூடத்தின் சின்ன ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களின் கையில் மூடி போட்ட பாட்டிலைக் கொடுத்து, "பாத்ரூம் அந்தப் பக்கம். பாதி வந்தா போதும், நிரப்பணும்னு கஷ்டப்படாதீங்க" என்று சொல்வது அவள் வேலை. பிறகு உள்ளே போய் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைப்பாள்.

பாட்டிலை நீட்டுகிறவர்களின் முகத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. வாங்கும்போது அவள் கண் எதிர்ச் சுவரில் இருக்கும் கடிகாரத்துக்குப் போய்விடும். ஒருமுறை புதிதாக வந்த நர்ஸ் காரணம் கேட்டாள்.

"மனுஷங்களோட மானம் என் கைக்குச் சூடா வருதும்மா. அதை வாங்கும்போது மூஞ்சியையும் பார்க்கணுமா?" என்றாள் பாட்டில் அக்கா.

அப்படிப்பட்டவள் நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, மாலை நேர வகுப்பில் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்புக்குச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியே வேடிக்கை பார்த்தது. வகுப்பில் உடன் படித்தவர்கள் எல்லாம் இளம் டாக்டர்கள், பல் டாக்டர்கள். அவளுக்குக் கடைசி பெஞ்சு, முதுகுவலி, பக்கத்தில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில். அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கும் கணவர், "படி, படி. உன் புத்தகத்துக்கு நானே அட்டை போட்டுத் தங்க எழுத்து அடிச்சுத் தரேன். உள்ள என்ன இருந்தாலும் வெளிய ஜொலிக்கும்" என்று கேலி செய்வார். ஆனால் வகுப்பு இருக்கும் நாட்களில் சமையல் அவருடையது.

ஏன் படிக்கிறாய் என்று கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதில் ஒன்றுதான்: "ஜன்னலுக்கு வந்த பிறகு பார்க்கிறேன். வர்றதுக்கு முன்னாடியே பார்க்கணும்."

அந்த ஜன்னலுக்கு ஒருநாள் வந்தது அவளுடைய தங்கையின் பாட்டில்.

சின்னவள் என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, வளர்த்தது அக்காதான். இப்போது சின்னவள் பஸ் கண்டக்டர். கழுத்தில் விசில், தோளில் பை, நெரிசலுக்குள் புகுந்து டிக்கெட் கொடுக்கும் வேகத்தைப் பார்த்தால் யார் கண்ணும் பட்டுவிடும். அன்று அக்கா சாப்பிடப் போயிருந்த நேரமாகப் பார்த்து, ஜன்னலில் இருந்த வேறொருவரிடம் பாட்டிலைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

திரும்பி வந்த அக்கா மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். பார்த்த இடமெல்லாம் சீழ் அணுக்கள். "யார் இந்தப் பாவம், இவ்வளவு நாள் எப்படித் தாங்கினா" என்று முணுமுணுத்தபடி லேபிளைத் திருப்பினாள். படித்த பெயர் அவள் வாய் கூப்பிட்டுப் பழகிய பெயர். எத்தனையோ வருடங்களாகக் கடிகாரத்தையே பார்த்த அந்தக் கண்கள் அன்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் வராந்தாவில் ஓடினாள். மரத்தடியில் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் சின்னவள்.

கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறியிருந்தது. கட்டிலில் படுக்க வைத்து, கையில் ஊசி குத்தி, சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றினார்கள். தங்கையின் தலையைக் கோதியபடி அக்கா கேட்டாள்.

"ஏண்டி தண்ணியே குடிக்கலையா?"

"குடிச்சா இறங்கணும்கா. நான் இறங்கினா வண்டி நிக்கணும். வண்டி நின்னா எதுக்கு நின்னுச்சுன்னு உள்ள இருக்கிற எல்லாரும் ஜன்னல் வழியா என்னைப் பார்ப்பாங்க. அதுக்கு நாக்கு வறண்டு போறதே மேல்."



படிப்பு கடைசிப் பருவத்துக்கு வந்திருந்த சமயம் அது. வகுப்பில் கற்றதையெல்லாம் வெளியே ஓர் இடத்தில் செய்து காட்ட வேண்டிய இன்டர்ன்ஷிப் மட்டும் பாக்கி. அதற்கு முதலில் திட்டம் எழுதித் தர வேண்டும். எங்கே போகிறாய், அங்கே உனக்குப் பொறுப்பாளர் யார், என்ன செய்வாய், முடித்துக் கிளம்பும்போது அவர்கள் கையில் எதைக் கொடுத்துவிட்டு வருவாய். பொறுப்பாளரின் கையெழுத்து இல்லாத திட்டம் சுண்டல் மடிக்கத்தான் ஆகும்.

அவளுக்குக் கவலையே இருந்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரியின் புள்ளிவிவரப் பிரிவில் அவளுக்காக ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, கையெழுத்துப் போட ஒரு பொறுப்பாளர் எல்லாம் தயாராக இருந்தன. அவளோ தங்கை வேலை பார்க்கும் பஸ் டெப்போவுக்குப் போகிறேன் என்றாள்.

இன்டர்ன்ஷிப்புக்கு ஒருங்கிணைப்பாளராக இருந்த பேராசிரியைக்கு மாணவர்கள் வைத்த பெயர் வினைச்சொல் மேடம். திட்டத்தில் அளக்க முடியாத வினைச்சொல் எதையும் அவர் விட மாட்டார். யாராவது 'புரிந்துகொள்வேன்' என்று எழுதிவிட்டால் சிவப்பு மையில் வட்டம் விழும். "புரிஞ்சுதா இல்லையான்னு நான் எப்படி அளக்கிறது? உங்க மண்டைக்குள்ள ஸ்கேல் விடவா?" என்பார்.

பாட்டில் அக்காவின் திட்டத்தைப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"'பெண் நடத்துநர்களுக்குக் காது கொடுப்பேன்.' ஏம்மா, காதைக் கொடுத்துட்டு வீட்டுக்கு எதோட போவீங்க?"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"வேற என்ன போடறது மேடம்?"

"'கேட்பேன்'னு போடுங்க. எத்தனை பேரைக் கேட்டீங்கன்னு எண்ணலாம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இது பாருங்க, டெப்போல கையெழுத்து வாங்குறது லேசில்ல. கெடு முடியறதுக்குள்ள வரலைன்னா இந்த வருஷம் உங்களுக்கு இல்லை. இன்டர்ன்ஷிப்புக்கு ஆஸ்பத்திரி அடுத்த வருஷமும் லீவு தருமா?"

"தராது மேடம். ஒரு தடவைதான்னு எழுதி வாங்கியிருக்காங்க."

"அப்ப மின்விசிறிக்கு அடியில உட்கார்ந்துட்டுப் பட்டத்தை வாங்கிட்டுப் போங்களேன்."

"அங்க எல்லாமே ஜன்னலுக்கு வந்தவங்க கணக்கு மேடம்," என்றாள் அவள். மேடம் திட்டத்தை அவள் பக்கம் தள்ளினார்.

'கேட்பேன்' என்ற சொல்லுக்கு இரண்டு வாசல் உண்டு என்பது அன்று இருவருக்குமே தோன்றவில்லை. ஒரு வாசல் காதுக்குப் போகிறது. இன்னொன்று சண்டைக்குப் போகிறது.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் உடம்பு தேறி வந்திருந்த சின்னவள் தாண்டிக் குதித்தாள்.

"உனக்கு என்ன பைத்தியமா? எனக்கு ஏதோ ஒண்ணுக்கு வராத வியாதின்னு டெப்போ முழுக்கப் பேசுவாங்க. என் பேர் நாறிடும்."

"உன் பேரை எங்கயும் எழுதலைடி."

"எழுதணுமா? உன் மூக்கும் என் மூக்கும் ஒண்ணு. பார்த்தாலே தெரிஞ்சுடும். என்னை நீ வளர்த்த, ஒத்துக்கிறேன். அதுக்காக என் மானத்தை எடுத்துப் பரீட்சை எழுதாதே."

 யாருடைய மானத்தையும் நிமிர்ந்துகூடப் பார்க்காதவளைப் பார்த்து, உலகத்தில் அவள் உயிருக்கு உயிரான ஒருத்தி சொன்ன சொல் அது. அன்றிலிருந்து சின்னவள் அக்காவோடு பேச்சை நிறுத்தினாள்.

கெடு முடிவதற்கு முந்தின நாள் காலை, பாட்டில் அக்கா டெப்போ மேனேஜரின் மேஜைக்கு முன்னால் நின்றாள். அறையில் டீசல் வாடை. சுவரில் எல்லா வழித்தடங்களும் வரைந்த பெரிய படம். மேனேஜர் திட்டத்தை வாய்விட்டுப் படித்தார்.

"'நடத்துநர்களிடம் தண்ணீர் அருந்துவது பற்றிக் கேட்பேன். ஓய்வறை பற்றிக் கேட்பேன். மேலாளரிடமும் கேட்பேன்.'" கண்ணாடிக்கு மேலே நிமிர்ந்து பார்த்தார். "என்னையும் கேட்பீங்களா?"

"ஆமா சார்."

"எங்கப்பாகூட என்னை இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்லம்மா. நீங்க யாரு கேட்கிறதுக்கு? யூனியன்காரங்க அனுப்பினாங்களா?"

"காலேஜ்ல அனுப்பினாங்க சார்."

"காலேஜ்ல இப்ப இதுவும் சொல்லித் தர்றாங்களா." காகிதத்தை மடித்து அவளிடமே நீட்டினார். "பார்க்கலாம். எனக்கு வெளிய வேலை இருக்கு. சாயங்காலம்தான் வருவேன்."

அலுவலகப் படி ஏறி இறங்கிய யாருக்கும் தெரியும், அந்தப் 'பார்க்கலாம்' எந்த ரகம் என்று. ஜீப் கிளம்பிப் போனது. வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள். அவள் டைம்கீப்பர் அறைக்கு வெளியே இருந்த நீளமான பெஞ்சில் உட்கார்ந்தாள். சாயங்காலம் வருவேன் என்று சொன்னார் அல்லவா, வரட்டும்.

ஷிப்ட் மாறுவதற்காகக் காத்திருந்த பெண் கண்டக்டர்கள் சிலர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவள் ஒருத்தி, விசிலைக் கழற்றாமலே சாப்பிடுவாள் போலிருக்கிறது. எல்லோரும் அவளை விசில் அக்கா என்று கூப்பிட்டார்கள். சும்மா இருக்கும் நேரத்தில் தயார் செய்து வைத்திருந்த கேள்விகளைச் சோதித்துப் பார்க்கலாம் என்று பாட்டில் அக்காவுக்குத் தோன்றியது.

"இங்க உங்களுக்குக் கழிப்பறை வசதி இருக்காம்மா?"

"இருக்கே," என்றாள் விசில் அக்கா.

"பயன்படுத்துறீங்களா?"

"பின்ன."

"ஏதாவது சிரமம் இருக்கா?"

"ஒரு குறையும் இல்லை. ராஜபோகம்," என்றாள், முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லாமல். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

பாட்டில் அக்கா தன் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். பழக்கம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் குடித்தாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெயில் ஏறியது. அவளுக்கு அவசரம் வந்தது. எழுந்து போய், பெண் படம் வரைந்த கதவைக் கண்டுபிடித்தாள். பூட்டு தொங்கியது. கம்பி வழியாகப் பார்த்தால் உள்ளே பழைய டயர்கள் கூரை வரை அடுக்கியிருந்தன.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். காலை மாற்றிப் போட்டாள். மறுபடியும் மாற்றிப் போட்டாள். கடைசியில் விசில் அக்காவின் காதருகே குனிந்து, "எங்கம்மா அந்த ராஜபோகம்?" என்றாள்.

பெஞ்சு முழுவதும் குலுங்கிச் சிரித்தது.

"காலையிலேர்ந்து பார்க்கிறேன், கிணத்தையே குடிக்கிற மாதிரி குடிக்கிறாங்க, எப்படித்தான் உட்கார்ந்திருக்காங்களோன்னு," என்றாள் ஒருத்தி.

"வாங்க," என்று விசில் அக்கா எழுந்தாள். டைம்கீப்பரைப் பார்த்து உரக்க, "அண்ணே, அத்தை வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்றாள். டைம்கீப்பர் தலையைத் தூக்காமலே கையசைத்தார்.

"யாரோட அத்தைம்மா?"

"எல்லாருக்கும் அத்தைதான். நடங்க."

சுவர் ஓரமாக ஒரு சந்து. அதில் ஒரு தையல் கடை. கடைக்குள், ஊசியில் நூல் கோக்க முயன்றுகொண்டிருந்தார் பெரிய மீசை வைத்த ஒருவர்.

"புது ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கேன்," என்றாள் விசில் அக்கா.

மீசைக்காரர் நிமிரவில்லை. "உள்ள போங்கம்மா. லைட் சுவிட்ச் வெளியவே இருக்கு. கூச்சப்படாதீங்க, அத்தை நான்தான்."

முதலில் அவருடைய மனைவிதான் அத்தையாம். அந்த அம்மாள் பேரனைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டுக்குப் போன பிறகு பதவி இவருக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு வழித்தடத்திலும் இப்படி ஓர் அத்தை உண்டு. ஒரு பூக்கடை, ஒரு கிளினிக், ஒரு மாவு மில். 'அத்தை ஊருக்குப் போயிட்டா' என்றால் அன்று அந்தக் கடைக்கு விடுமுறை. ஓடுகிற வண்டியில் ஆயிரம் ஆண்களுக்கு நடுவே சொன்னாலும் ஒருவருக்கும் விளங்காது.

"குவாரி லைன்லதான் அத்தை இல்லை," என்றாள் விசில் அக்கா. "கடைசி ஸ்டாப்ல வெறும் கல்லும் புழுதியும். அந்த லைன் போட்டாங்கன்னா முந்தின நாளே வாயைக் கட்டிடுவோம்." கொஞ்சம் தயங்கினாள். "சின்னவளுக்கு அந்த லைன்தான் நிரந்தரம். நீங்க அவ அக்காதானே? வந்தப்பவே மூக்கைப் பார்த்தேன்."

பாட்டில் அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் அழுகை வெளியே கேட்காது என்று நினைத்தாள். தன் கையால் சோறு ஊட்டி வளர்த்த குழந்தை, ஒவ்வொரு நாளும் நாக்கு வறண்டு அந்தக் கல்லுக்கும் புழுதிக்கும் போய்த் திரும்பியிருக்கிறது. அவளோ கையில் கேள்வித்தாளோடு வந்து 'வசதி இருக்கா' என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

வெளியிலிருந்து விசில் அக்காவின் குரல் வந்தது. "அக்கா, அழறதா இருந்தா குழாயை மூடிட்டு அழுங்க. அத்தையோட தொட்டி காலியாயிடும்."

திரும்பி நடக்கும்போது விசில் அக்கா கேட்டாள். "எவளோ எங்களைக் கேட்க வந்திருக்கான்னு மேனேஜர் சொல்லிட்டுப் போனாராம். அப்படியா?"

"உங்களைக் கேட்க இல்லைம்மா. நீங்க சொல்றதைக் கேட்க."

"அப்ப வேற வார்த்தை போடக் கூடாதா? கேட்பேன்னு வந்து நின்னா நாங்களே வாயைத் திறக்க மாட்டோம். அவர் எப்படிக் கையெழுத்துப் போடுவாரு?"

பாட்டில் அக்கா பெஞ்சுக்கு வந்தாள். பேனாவை எடுத்தாள். 'கேட்பேன்' என்று இருந்த இடங்களை எல்லாம் அடித்தாள். எந்தப் படிப்பிலும் வராத துணிச்சலோடு, மாதக்கணக்கில் மெருகேற்றிய கேள்வித்தாளை இரண்டாகக் கிழித்தாள். அடித்த இடத்துக்கு மேலே எழுதினாள்: 'நடத்துநர்களுடன் அவர்களுடைய முழுப் பணிநேரமும் பயணம் செய்வேன்.' முடிவில் தரப்போவது என்ற இடத்தில் ஒரு வரைபடத்தையும் சேர்த்தாள்.

சாயங்காலம் ஜீப் வந்தது. மேனேஜர் அவளைக் கண்டதும் திகைத்தார்.

"நீங்க இன்னும் போகலையா?"

"பார்க்கலாம்னு சொன்னீங்களே சார்."

மீண்டும் அந்த மேஜை, அந்த டீசல் வாடை. நின்றபடியே படித்தார். நெற்றி சுருங்கி விரிந்தது.

"வண்டியில போறதுக்கு என் பர்மிஷன் எதுக்கு? டிக்கெட் எடுத்தா யார் வேணும்னாலும் போகலாம்."

"டிக்கெட் எடுத்துடறேன் சார்."

"பாஸ் கீஸ் எல்லாம் கிடையாது."

"வேண்டாம் சார்."

"யாரையும் கேட்க மாட்டீங்களே?"

"ஒரு கேள்வி கேட்க மாட்டேன்."

"முடிவுல ஏதோ தர்றதா எழுதியிருக்கே. வரைபடமா? எங்க ரூட் மேப்தான் இதோ சுவத்துல இருக்கே."

"அதுல என்னென்ன இருக்குன்னு போட்டிருக்கு சார். நான் என்ன இல்லைன்னு போட்டுத் தரேன்."

அவர் அவளையே பார்த்தார். காலை முதல் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், கோபம் துளிக்கூட இல்லாத முகம். என்ன நினைத்தாரோ, கையெழுத்தைப் போட்டுத் தேதியையும் எழுதினார். காகிதத்தைக் கொடுக்கும்போது, யாரிடமோ சொல்வது போல, "அந்த டயரை எல்லாம் எடுக்கச் சொல்லித்தான் இருக்கேன். இடம் இல்லைங்கிறாங்க" என்றார். அவள் எதுவும் கேட்கவில்லையே.

மறுநாள் வினைச்சொல் மேடம் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டு படித்தார்.

"பயணம் செய்வேன். சரி, எண்ணலாம். விளைவு: 'அத்தை இல்லாத நிறுத்தங்களின் வரைபடம்.' இது என்னம்மா, யாரோட அத்தை?"

அவள் சொன்னாள். மீசை வைத்த அத்தையைப் பற்றியும் குவாரி லைனைப் பற்றியும் சொன்னாள். "அத்தை இருக்கிற இடம் எதுவும் படத்துல வராது மேடம். அது அவங்க ரகசியம். இல்லாத இடம் மட்டும்தான் வரும்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் வெகுநேரம் துடைத்தார்.

"நான் இங்க வேலைக்குச் சேர்ந்தப்ப இந்த மாடியில பெண்களுக்குன்னு ஒண்ணு கிடையாது," என்றார். "நாங்க 'ஜெராக்ஸ் எடுத்துட்டு வரோம்'னு சொல்லிட்டுப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போவோம். எவ்வளவு ஜெராக்ஸ் எடுக்கிறாங்க இவங்கன்னு பியூன் அலுத்துப்பான்."

சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, நீலப் பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டார்.

முதல் பயணம் எந்த வண்டியில் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. குவாரி லைன் பஸ்ஸில் நடுவில் ஒரு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். நெரிசலைப் பிளந்துகொண்டு வந்த கண்டக்டர் அவள் முன்னால் நின்றாள்.

"எங்க?"

"கடைசி ஸ்டாப்."

டிக்கெட் கைமாறியது. அக்கா என்ற ஒரு சொல் வரவில்லை. சின்னவள் அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிட்டாள்.

கடைசி நிறுத்தம் விசில் அக்கா சொன்னபடியே இருந்தது. கல், புழுதி, நிழலுக்கு ஒரு செடிகூட இல்லை. பயணிகள் இறங்கிப் போனார்கள். பாட்டில் அக்கா இறங்கவில்லை. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வழக்கம்போல வழி முழுக்கத் தண்ணீர் குடித்திருந்தாள். இப்போது காலை மாற்றிப் போட்டாள். மறுபடியும் மாற்றிப் போட்டாள்.

முன் சீட்டில் உட்கார்ந்து சில்லறையை அடுக்கிக்கொண்டிருந்த சின்னவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன்."

"இங்க அத்தை இல்லைன்னு உனக்கு யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க."

"அப்புறம் எதுக்கு குடிச்சே? பெரிய படிப்புப் படிக்கிற, அறிவு வேண்டாம்?"

அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். கடிகாரம் எதுவும் அங்கே இல்லை. சின்னவளின் கண்கள் கலங்கின, உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு விருட்டென்று எழுந்து முன்பக்கம் போனாள். இத்தனை வருட சர்வீஸில் எந்த டிரைவரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"அண்ணே, திரும்பும்போது வழியில எங்கயாவது நிறுத்தணும். அத்தை வீட்டுக்குப் போகணும். ரெண்டு பேர்."

தலைமுடி நரைத்த டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். பின்னால் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார். சாவியைத் திருப்பினார்.

"அத்தைக்கு நான் எங்கம்மா போவேன்? வளைவு தாண்டினா என் மாமியார் வீடு இருக்கு. கொஞ்சம் வாயாடி. பரவாயில்லையா?"

சின்னவள் விசிலை வாயில் வைத்தாள். ஊத முடியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பின்னால் வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையை நீட்டி, அந்தப் பெரிய பாட்டிலை வாங்கி, வாய் நிறையத் தண்ணீர் குடித்தாள்.